துடைக்காத மெழுகு

ஜூன் 3, திங்கள்

எபினேசரின் ஆர்டரை இன்று தொடங்கினோம். மொத்தம் நாற்பது உருப்படிகள். ப்ளைவுட் தட்டு பதினாறு, படச் சட்டம் பன்னிரண்டு, தகரக் குவளை எட்டு, சுவரில் மாட்டும் சிறு அலமாரி நான்கு. எல்லாம் சேலம் செவ்வாய்பேட்டையில் சுகந்தி பொறுக்கி வாங்கிய மலிவுச் சரக்கு. இம்மாதக் கடைசிக்குள் இவற்றுக்கு அறுபது வயது ஆக்கித் தர வேண்டும். ஏற்காட்டில் நான்கு அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றை எபினேசர் ஜூலையில் திறக்கிறார். அதற்கு.

வேலை முறையை அட்டையில் எழுதி மாடி ஷெட்டின் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதலில் கரும்பழுப்புப் பூச்சு. காய்ந்தபின், பொருள் எங்கெங்கே தேய்ந்திருக்க வேண்டுமோ அங்கே மெழுகுவர்த்தியால் தேய்த்தல். அதன்மேல் சாக் பவுடர் கலந்த வெளிர்நிறப் பூச்சு. நான்காவது உப்புத்தாளால் தேய்த்தல், மெழுகு இருக்கும் இடத்தில் மேல்பூச்சு உதிர்ந்து அடிப் பழுப்பு தெரியும். ஐந்தாவது, டர்பெண்டைன் நனைத்த துணியால் மெழுகை முழுவதும் துடைத்தல். கடைசியில் வார்னிஷ். ஐந்தாவது படியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். மெழுகு மிச்சமிருந்தால் வார்னிஷ் பிடிக்காது. பத்து நாளில் தோலாக உரிந்து வந்துவிடும்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் என்பதால் கலவை, துடைப்பு, சரிபார்ப்பு மூன்றும் என் பொறுப்பு. நிறமும் கற்பனையும் சுகந்தியுடையவை. அவள் என் ஒரே மகள். நாற்பத்து மூன்று வயது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியுடன் திரும்பி வந்தாள். அவள் அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஒன்று மட்டும் குறித்து வைக்கிறேன். ஆர்டர் கொடுக்கப் போன் போதும். எபினேசர் இதுவரை மூன்று முறை நேரில் வந்திருக்கிறார்.

ஜூன் 5, புதன்

தட்டுகளுக்கு முதல் பூச்சு முடிந்தது. மழை இல்லை. எபினேசர் வரவில்லை. போன் வந்தது. பதினெட்டு நிமிடம்.

ஜூன் 9, ஞாயிறு

காலை நடையில் குப்புராஜிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற ஏட்டு. பூங்காவை நான்கு சுற்று சுற்றுவோம். அவர் பேசுவார், நான் சுற்றுகளை எண்ணுவேன்.

"புரொபசர் சார், நாப்பது சாமானை எதுக்குங்க ஒருத்தன் பழசாக்கறான்? புதுசா வாங்கி வெச்சா ஆவாதா?"

"வருகிறவர்கள் பழசைத்தான் விரும்புகிறார்களாம்."

"அவன் சொன்னான், நீங்க கேட்டுக்கிட்டீங்க. வெள்ளக்காரன் காலத்துச் சாமான்னு எவன் தலையிலயாவது கட்டப் போறான். நாளைக்கி கேசு கீசுன்னு வந்தா, 'செஞ்சது யாரு?' 'அஸ்தம்பட்டி சுகந்திம்மா.' அப்புறம் நீங்க ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்திருப்பீங்க. கூட நான் இருக்க மாட்டேன், எனக்கு முட்டி வலி."

சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் இரத்த அழுத்தம் பார்த்தேன், 150.

மனிதர்களை எடைபோடுவதில் என்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஈரோட்டுச் சம்பந்தம் வந்தபோது ஐந்து பேரிடம் விசாரித்தேன். ஐவர் சொன்னதையும் தனித்தனித் தாளில் எழுதி ஒப்பிட்டேன். ஒரு முரண்பாடுகூட இல்லை. 'நல்ல இடம்' என்று முடிவு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த முடிவுக்குள் என் மகள் ஆறு ஆண்டுகள் இருந்தாள். இன்னொரு முறை அவள் ஏமாறுவதைப் பார்க்க என்னிடம் வயது இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

எபினேசர் வந்தார். நான்காவது முறை. நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரம். தாடியில் கொஞ்சம் நரை. செருப்பை மாடிப்படியின் கீழேயே கழற்றிவிட்டு வந்தார். எனக்குப் பிடித்த பழக்கம்தான். ஆனால் சிலர் அதற்காகவே செய்வார்கள்.

சுகந்தி ஒரு தட்டின் நான்கு மூலைகளையும் தேய்த்து முடித்திருந்தாள். "மூலை எப்படிம்மா தேயும்?" என்றேன். "தட்டைத் தூக்குகிறவர்கள் இரண்டு பக்கக் கைப்பிடியில்தான் பிடிப்பார்கள். கட்டைவிரல் படும் இடம் தேயும். நடுவில் டம்ளர் வைத்த வட்டம் விழும். மூலையை யாரும் தொட மாட்டார்கள்."

"பாக்கறவங்க இவ்ளோ யோசிப்பாங்களாப்பா?"

"யோசிக்க மாட்டாங்க. ஆனா மனசுக்குப் பொய்யின்னு பட்டுடும். சார் சொல்றது கரெக்ட்" என்றார் எபினேசர். தட்டை எடுத்து, கட்டைவிரலை நான் சொன்ன இடத்தில் வைத்துப் பார்த்தார்.

என்னோடு இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போகிறவர்களை எனக்குப் பழக்கமில்லை.

காப்பி குடிக்கும்போது கேட்டார்: "சாருக்குக் குளுரு ஒத்துக்குமுங்களா?"

"ஏன்?"

"சும்மாதான் கேட்டேங்க. எங்க ஊர்ல சாயந்தரம் அஞ்சு மணிக்கே மூட்டம் எறங்கிரும்."

சுகந்தி அவரைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னாள். நான் டம்ளரைப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டேன். எதற்காக என் உடம்பைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஜூன் 14, வெள்ளி

சாக் பவுடர் டப்பாவைத் தூக்கும்போது அதன் அடியில் ஒரு தாள் கிடைத்தது. சுகந்தியின் கையெழுத்து. இது நாற்பது உருப்படிகளில் சேராதது. பார்த்ததும் அங்கேயே வைத்துவிட்டேன். ஆனால் படிக்கும்போதே மனப்பாடம் ஆகிவிட்டது. இங்கே எழுதுகிறேன்.

புத்தக அலமாரி. உயரம் நாலடிக்கு மேல் வேண்டாம்.
மருந்துத் தட்டு. ஏழு தடுப்பு.
கட்டில் பக்கத்துக்குச் சிறு மேஜை. முனை எல்லாம் மழுக்கணும்.
பாத்ரூம் கதவோரம் பிடிமானக் கட்டை.
சாய்த்து வைத்துப் படிக்கப் பலகை. தினசரித் தாள் விரியணும்.

தங்கும் விடுதிக்கு வருகிறவன் இரண்டு நாள் இருப்பான். ஏழு தடுப்பு மருந்துத் தட்டு அவனுக்கு எதற்கு? வாரம் முழுவதும் மருந்து சாப்பிடும் ஓர் ஆள் அந்த வீட்டில் நிரந்தரமாக இருக்கப் போகிறார். வயதானவர். கையை உயர்த்த முடியாதவர். குளியலறையில் வழுக்கி விழக்கூடியவர்.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "எபினேசர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

"யாருமில்லப்பா. அவங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே போய்ட்டாங்க. கல்யாணமும் பண்ணிக்கல. ஏன்?"

"ஒன்றுமில்லை."

ஒன்று, அவர் அவளிடம் பொய் சொல்கிறார். இல்லையென்றால் அவள் என்னிடம் எதையோ சொல்லவில்லை. இரண்டாவதை நான் நம்பவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

குப்புராஜ் பட்டியலைக் கேட்டதும் நடப்பதையே நிறுத்திவிட்டார்.

"சந்தேகமே இல்லீங்க. மாமியாக்காரி."

"மாமியாரா?"

"பெத்த தாயி இல்லன்னுட்டான். அப்புறம் எந்தக் கெழவிக்கி ஒருத்தன் மருந்துத் தட்டு செய்வான்? மாமியா இருந்தா பொண்டாட்டி இருப்பா. பொண்டாட்டி இருந்தா ரெண்டு புள்ள இருக்கும். புள்ளைங்கள ஆஸ்டல்ல போட்டிருப்பான்."

பூங்காவின் இரண்டாவது சுற்று முடிவதற்குள் எபினேசருக்கு ஒரு முழுக் குடும்பம் உருவாகிவிட்டது. அபத்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 19, புதன்

படச் சட்டங்களுக்கு மேல்பூச்சு. பகலில் தூறல், இரண்டு மணி நேரம் வேலை நின்றது.

மதியம் சுகந்தி டேப்புடன் வந்தாள். "அப்பா, கைய மேல தூக்குங்க. வலிக்கிற வரைக்கும் வேண்டாம், அலட்டிக்காம எவ்ளோ போகுதோ அவ்ளோ."

தூக்கினேன். சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்தாள். பிறகு நான் கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்தாள்.

"எதற்கும்மா?"

"ஒரு ஆர்டர். வயசானவங்களுக்கு. மாதிரிக்கு யாரப் போய் அளக்கறது, நீங்கதான் இருக்கீங்களே."

"என் அளவு எல்லோருக்கும் பொருந்தாதே."

"பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுதிக்கொண்டாள். அவள் காது சிவந்திருந்தது.

அவள் போனபின் சுவரில் இருந்த பென்சில் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எண்ணம் வந்தது. எழுதும் அளவுக்கு ஆதாரம் இல்லை. கோட்டை ரப்பரால் அழித்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

இரண்டாம் பட்டியலின் சாமான்கள் தச்சரிடமிருந்து வந்தன. பேக்கிங் பெட்டி மரம். சுகந்தி இப்போது மறைக்கவில்லை. "அவர் சேத்துக் கேட்டார்ப்பா" என்றாள். முதல் பூச்சு, மெழுகு, மேல்பூச்சு எல்லாவற்றையும் அவளே செய்கிறாள். மற்ற நாற்பதுக்கும் தேய்மானம் எங்கே வரவேண்டும் என்று என்னைக் கேட்டவள், இதற்கு மட்டும் கேட்கவில்லை. ஆனால் எல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. மருந்துத் தட்டின் இடது ஓரம், படிப்புப் பலகையின் வலதுகைப் பக்கம். யாரையோ பல ஆண்டுகள் பார்த்துப் பழகியவள் போலச் செய்திருக்கிறாள்.

வேலை செய்யும்போது அவள் பாடினாள். ஒன்பது ஆண்டுகளில் நான் கேட்டதில்லை.

ஜூன் 24, திங்கள்

துடைப்பும் வார்னிஷும். சுகந்தி காலையிலேயே பேக்கிங் அட்டைப்பெட்டி வாங்கப் போய்விட்டாள். நான் மட்டும்தான்.

தட்டு 16: துடைத்தது, வார்னிஷ் அடித்தது.
சட்டம் 12: துடைத்தது, வார்னிஷ் அடித்தது.
குவளை 8: துடைத்தது, வார்னிஷ் அடித்தது.
அலமாரி 4: துடைத்தது, வார்னிஷ் அடித்தது.
இரண்டாம் பட்டியல் 5: வார்னிஷ் அடித்தது.

சுவரிலுள்ள அட்டையில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டாயிற்று.

ஜூன் 25, செவ்வாய்

வேண்டுமென்று செய்தேன் என்று சொல்ல முடியாது. டர்பெண்டைன் நனைத்த துணி கையில்தான் இருந்தது. புத்தக அலமாரியின் முன் நின்றேன். கை துடைக்கவில்லை. பிறகு ப்ரஷை எடுத்தது.

ஒரு பொருள் இன்னதென்று தெரிய வேண்டுமானால் அதன்மேல் இரண்டு சொட்டு அமிலம் விட்டுப் பார்ப்போம். மனிதர்களுக்கும் அப்படி ஏதாவது வேண்டாமா? வார்னிஷ் உரியும். எபினேசர் கோபப்படுவார். கோபத்தில் சுகந்தியை எப்படிப் பேசுகிறார் என்று தெரியும். கல்யாணத்துக்கு முன்பு ஈரோட்டுக்காரனை யாரும் கோபப்படுத்திப் பார்க்கவில்லை. அதுதான் என் விசாரணையில் இருந்த பிழை. இது ஒரு சோதனை. அவ்வளவுதான்.

இன்னும் துடைக்கலாம். மேல் வார்னிஷை எடுத்துவிட்டு ஒரே நாளில் சரிசெய்யலாம். நாளை பார்க்கலாம்.

ஜூன் 28, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. எபினேசர் ஒவ்வொரு பெட்டியையும் தானே தூக்கி ஏற்றினார். ஐந்து சாமான்களையும் பழைய போர்வையில் சுற்றினார். என்னிடம் வந்து, "ரொம்ப நன்றிங்க சார். உங்க கை பட்டிருக்கு, அது போதும்" என்றார்.

வேன் கதவின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

அடுக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று சுகந்தியும் வேனில் போனாள். மதியம் தயிர்சாதம். நாளிதழை இரண்டு முறை படித்தேன். ஷெட்டைப் பெருக்கினேன். இந்த வீட்டில் ஒருவன் தனியாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் இவ்வளவு கேட்கும் என்று எனக்குத் தெரியாது. அது பழுதோ என்று கதவைத் திறந்து பார்த்தேன். பழுதில்லை.

மாலை ஆறு நாற்பதுக்கு வந்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

ஒன்றும் இல்லை. போன் வந்தது. நான் மணி பார்க்கவில்லை.

ஜூலை 6, சனி

எபினேசர் வந்தார். ஸ்கூட்டரில், மழைக்கோட்டுடன். முன்னால் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து மருந்துத் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வார்னிஷ் வெங்காயத் தோல்போலத் தூக்கிக்கொண்டிருந்தது.

சுகந்தி தொட்டாள். ஒரு கீற்று அவள் விரலோடு வந்தது. "மத்ததும் இப்படியா?"

"மத்த நாப்பதும் ஜோரா இருக்கு. இந்த அஞ்சு மட்டும்தான்" என்றார். என்னைப் பார்த்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இதோ வருகிறது என்று நினைத்தேன்.

"தப்பு என்னுதுங்க சார். ரூம் பெயிண்ட் காயலன்னு இந்த அஞ்சையும் வெராந்தாவுல வெச்சுட்டேன். ரெண்டு நாள் அடிச்ச சாரல். நீங்க இவ்ளோ பாத்துப் பாத்துச் செஞ்சத நான் கெடுத்துட்டேன்."

"சாரல்ல இப்படி உரியாதே" என்றாள் சுகந்தி.

"ஏற்காட்டுச் சாரல் உனக்குத் தெரியாது சுகந்தி. உப்பு டப்பாவுக்குள்ளயே பூந்துரும்."

சுகந்தி எழுந்து மாடிக்குப் போனாள். அங்கே சுவரில் என் அட்டை மட்டும்தான் இருக்கிறது. எபினேசர் தட்டை மறுபடி பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் பொய் சொல்கிறார். ஈரத்தில் வார்னிஷ் வெளுக்கும், பால்போல் மங்கும்; தோலாகத் தூக்காது. அதுவும் மெழுகு தேய்த்த இடங்களில் மட்டும் வரிசையாக உரியாது. எட்டு நாள் அதைக் கையில் வைத்துப் பார்த்தவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. நிச்சயமாகப் பொய்.

ஜூலை 7, ஞாயிறு

நடைக்குப் போகவில்லை. முட்டி வலி என்று குப்புராஜுக்குச் சொல்லியனுப்பினேன்.

சோதனையின் முடிவை எழுத வேண்டும். எதிர்பார்த்தது கோபம். கிடைத்தது பொய். எதற்கான பொய்? அதனால் அவருக்கு லாபம் இல்லை. பழி அவர்மேல்தான் விழுந்தது.

ஈரோட்டு மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வந்தபோது ஸ்கூட்டரை எடுக்கையில் எங்கள் வாசல் தூணில் உரசினான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். உள்ளே வந்து, "உங்க பொண்ணு வண்டிய நிறுத்தத் தெரியாம நிறுத்தியிருக்கா மாமா" என்றான். சுகந்தி துணியை நனைத்து வந்து தூணைத் துடைத்தாள். நான் அன்றைய தேதியில் என்ன எழுதினேன் என்று பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'பொருட்களின்மேல் அக்கறை உள்ளவர்' என்று எழுதியிருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலை இட்லி வைத்துவிட்டு சுகந்தி எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த அஞ்சுக்கும் மெழுகு தொடச்சீங்களா?"

"அட்டையில் டிக் இருக்கிறதே."

"டிக் பாத்தேன். தொடச்சீங்களான்னு கேக்கறேன்."

"இல்லை."

அவள் சட்னிக் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"அன்னிக்கு ராத்திரியே நான் அவர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். எங்கப்பா ஒரு படி விட்டு ஒரு படி போனதில்ல, இது மறதி இல்லன்னு. அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'அவரு பயந்துருக்காரு, நீ கேக்காத. மழைன்னே இருந்துட்டுப் போகட்டும்'னார். கேக்கக் கூடாதுன்னுதான் மூணு நாளா இருந்தேன். முடியலப்பா."

நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அது யாரோட ரூம்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சுது?"

"பத்தொன்பதாம் தேதி. நீ அளந்தபோது."

"அப்போ தெரிஞ்சுதான் பண்ணீங்க."

குப்புராஜ் சொன்ன மாமியாரை நான் ஒரு நாளாவது நம்பினேனா என்று யோசித்தேன். நம்பினேன் என்று சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ஆமாம்" என்றேன்.

அவள் அழவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னாள். வேறு வேறு மதம் என்பதால் பதிவுத் திருமணம். மனு கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதி மனு கொடுப்பதாக இருந்தார்கள். அறையைக் காட்டிவிட்டு என்னிடம் சொல்வதாக இருந்தாள். "ரூமப் பாத்துட்டா நீங்க பயப்பட மாட்டீங்கன்னு நெனச்சோம்."

பிறகு எழுந்து தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்ப்பா. உங்கள விட்டுட்டு நான் போகப் போறதில்ல. அவர்கிட்ட சொல்லிடறேன்."

இனி அவள் இங்கேயேதான் இருப்பாள். நான் விரும்பியது நடந்துவிட்டது.

ஜூலை 10, புதன்

சுகந்தி ஷெட்டில் எல்லா ப்ரஷ்களையும் கழுவிக் காயவைத்து ஒரு பெட்டியில் போட்டு மூடினாள். புதிய ஆர்டர் ஒன்றுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். மதியம் மோர்க்குழம்பு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். "ம்" என்றாள். போன் இரண்டு முறை அடித்து நின்றது. அவள் எடுக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

என் வாழ்க்கையில் யாரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டதில்லை. கடிதம் எழுதியிருக்கிறேன். இன்றும் ஒன்று எழுதினேன். நான்கு பக்கம். திரும்பப் படித்தபோது, நான் ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்பதற்கே மூன்றரைப் பக்கம் போயிருந்தது. கிழித்துவிட்டேன்.

பையில் வைத்தவை: உப்புத்தாள் பன்னிரண்டு. பழைய வேட்டித் துணி. டர்பெண்டைன் சிறு புட்டி, மூடியில் டேப் சுற்றியது. வார்னிஷ். இரண்டு அங்குல ப்ரஷ். ஸ்வெட்டர். ஐந்து நாள் மாத்திரை.

ஜூலை 12, வெள்ளி. ஏற்காடு

காலை ஏழு மணிப் பேருந்து. சுகந்தி குளித்துக்கொண்டிருந்தாள், மேஜைமேல் சீட்டு வைத்துவிட்டு வந்தேன். இருபது வளைவுகளையும் எண்ணினேன். பதினான்காவதில் வாந்தி வரும்போல இருந்தது, வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் நார்த்தங்காய் ஒரு துண்டு கொடுத்தார். "தனியாவா போறீங்க தாத்தா?" என்றார். "ஆமாம், வேலை விஷயமாக" என்றேன்.

விடுதி ஏரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் இருக்கிறது. எபினேசர் வாசலில் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கினார். செருப்பில்லாத கால். முகத்தில் மூன்று நாள் தூக்கமில்லாதது தெரிந்தது.

"சார்! நீங்களா? சுகந்தி எங்கங்க?"

"வரவில்லை. அந்த ஐந்து சாமானும் எங்கே?"

அழைத்துப் போனார். விடுதியின் அறைகளுக்குப் பின்னால், அவருடைய வீட்டுப் பகுதியில், கிழக்குப் பார்த்த அறை. குளியலறைக்கும் கட்டிலுக்கும் இடையே ஏழு காலடி. பிடிமானக் கட்டையைச் சுவரில் பொருத்தியிருந்தார், அதுவும் உரிந்திருந்தது. அலமாரி காலியாக நின்றது.

தயாராக வந்த வாக்கியம் நினைவுக்கு வரவில்லை. "எபினேசர், மழை இல்லை. நான் துடைக்கவில்லை. வேண்டுமென்றே" என்றேன்.

"தெரியுங்க சார்."

"தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எங்கப்பா சாகறப்ப எம்பத்தொண்ணுங்க. கடசி ரெண்டு வருசம் அவரு ஒடச்சதெல்லாம் நான் ஒடச்சேன்னுதான் சொல்லுவேன். அதுல எனக்கு என்னங்க போச்சு? ஒடஞ்சது ஒடஞ்சதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க, தெரியுமுங்களா?" என்றார்.

"தெரியும். அதற்குத்தான் வந்தேன். அவள் எனக்காகச் சொன்னது அது. மனு கொடுக்கும்போது சாட்சிக் கையெழுத்துக்கு யாராவது வேண்டுமா?"

"அது கல்யாணத்தன்னிக்குத்தாங்க, மூணு பேர்."

"இன்னும் இரண்டு பேரைப் பாருங்கள்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனார். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தேன். அலமாரியை வெளியே தூக்கிப் போட்டுத் தரச் சொன்னேன். அதில் இரண்டு தட்டு தேய்த்திருப்பேன், வாசலில் ஆட்டோ நின்றது. சுகந்தி. தலை வாரவில்லை. கையில் என் சீட்டு.

"இதென்ன சீட்டு? 'ஏற்காடு செல்கிறேன். திரும்பும் நேரம் நிச்சயமில்லை'ன்னு! தந்தியாப்பா இது? எழுபத்தாறு வயசுல, சொல்லாம கொள்ளாம, போனக்கூட வீட்லயே வெச்சுட்டு! பஸ் ஸ்டாண்டுல நான் எத்தன பேரக் கேட்டேன் தெரியுமா? ஸ்வெட்டர் போட்ட ஒரு கெழவரப் பாத்தீங்களான்னு!"

"சேலத்தில் ஸ்வெட்டர் போடவில்லை. பையில்தான் வைத்திருந்தேன்."

எபினேசர் சிரிப்பை அடக்க ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் என்னையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"கையைக் கழுவிக்கொண்டு வா கண்ணு. மேஜையை நீ தேய். திங்கட்கிழமை மனு கொடுத்துவிடலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

அவள் கை கழுவப் போகவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள். மூட்டம் இறங்குவதற்குள் ஐந்திலும் பழைய வார்னிஷ் போகத் தேய்த்துவிட்டோம். மெழுகை நான் துடைத்தேன். இரண்டு முறை.

ஜூலை 13, சனி. ஏற்காடு

காலை ஐந்துக்கும் வார்னிஷ் அடித்தேன். இந்த ஈரத்தில் காய எப்படியும் ஒரு வாரம் ஆகும், கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாள் போதும்.